அழிக்கவா என்று கேட்டது திரை

தொண்ணூத்தி நாலோ அஞ்சோ, வருஷம் சரியா ஞாபகம் இல்ல. நாள் மட்டும் மறக்கல, விஜயதசமி. இடம், ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லோட ஆபீஸ். அன்னைக்குக் காலையில நான் பட்ட பாட்டை நெனச்சா இப்பவும் எனக்கு உள்ளங்கை வேர்க்குது.

சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பி.எஸ்.ஸி. கணக்கு முடிச்சுட்டு, தேரடிப் பக்கம் ஒரு மாடியில நடந்த கம்ப்யூட்டர் சென்டர்ல, அப்போ கம்ப்யூட்டரை ஓட்டின டாஸ் படிச்சேன். படிச்சேன்னு சொல்றதே கொஞ்சம் அதிகப்படி. மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், அதுவும் கரண்ட் இருந்தா. அங்க சொல்லிக்கொடுத்த சார் எங்களுக்கு ஒரே ஒரு மந்திரம் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் ஏதாவது கேள்வி கேட்டா யோசிச்சுக்கிட்டு நிக்காத, ஆமான்னு ஒய் அடிச்சு என்டரைத் தட்டு, வேலை நடக்கும். நாங்களும் எல்லாத்துக்கும் ஒய், ஒய்னு தட்டித் தட்டியே சர்டிபிகேட் வாங்கிட்டோம்.

அந்தச் சர்டிபிகேட்டை நம்பி மில்லுல என்னை ஆபரேட்டரா எடுத்துக்கிட்டாங்க. போய்ப் பார்த்தா அங்க இருந்தது டாஸ் இல்ல, யூனிக்ஸ். கண்ணாடி ரூமுக்குள்ள ஒரு பெரிய பெட்டி. அதுலருந்து ஒயர் போய் ஆபீஸ்ல அங்கங்க ஒரு திரை, ஒரு கீபோர்டு. எல்லாத் திரைக்கும் மூளை அந்த ஒத்தைப் பெட்டிதான். காலையில வந்து என் பேரை அடிச்சா நேரா ஒரு மெனு வரும். ஒண்ணு அடிச்சா பில், ரெண்டு அடிச்சா ஸ்டாக். அந்த மெனுவுக்கு அடியில என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கணும்னும் தோணல. ஹோட்டல்ல சாப்பிட வந்தவ அடுப்படியை எட்டிப் பார்ப்பாளா என்ன?

அந்தப் பெட்டி மில்லுக்கு வந்ததே பெரிய சண்டைக்கு அப்புறம்தான். சின்ன மொதலாளி வெளியூர்ல படிச்சுட்டு வந்தவர், பிடிவாதமா வாங்கி வச்சார். பெரிய மொதலாளிக்கு அதுல துளி நம்பிக்கை கிடையாது. கரண்ட் போனா இது வெறும் டப்பா, பேனாவுக்கு எதுக்குக் கரண்ட்டுன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்வார். அப்பாவும் மகனும் திடீர்னு தெலுங்குல பேச ஆரம்பிச்சா ஆபீஸே தலையைக் குனிஞ்சுக்கும். எனக்குப் பாஷை புரியாது, ஆனா பேச்சு எதைப் பத்தின்னு நல்லாவே புரியும். கடைசியில ஒரு முடிவுக்கு வந்தாங்க. விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரத்துல ஒரு முதல் பில் போடுறது அந்த மில்லுல வழக்கம். இந்த வருஷம் அதைக் கம்ப்யூட்டர்ல போடணும், பெரியவர் குடும்பத்தோட வந்து தன் கையால வாங்கிக்கணும். சின்ன மொதலாளிக்கு அது மானப் பிரச்னை ஆயிடுச்சு.

பெட்டியைப் பார்த்துக்கிற சிஸ்டம்ஸ் ஆபீசர்னு ஒருத்தர் இருந்தார். அவர் அந்த வாரம் பார்த்து குலசாமி கும்பிடக் குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டார். போன் இல்லாத ஊரு. போறப்போ என்கிட்ட, 'மெஷினை அணைக்காத, அது பாட்டுக்கு ஓடட்டும், பில் மட்டும் போடு'ன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி ரூட்டோட பாஸ்வேர்டைச் சொன்னார். ரூட்னா அந்தப் பெட்டிக்கே எஜமான், எதை வேணும்னாலும் செய்யலாம், எதை வேணும்னாலும் கெடுக்கலாம். வீடு தீப்பிடிச்சா மட்டும் இதைத் தொடுன்னு சொல்லிட்டுத்தான் போனார். டேப்புல எடுத்து வச்ச நகல் அவர் பீரோவுல இருந்துச்சு, பீரோ சாவி அவர் இடுப்போட போயிடுச்சு.

ஆயுத பூஜைன்னா மில்லுல தீபாவளியை விடப் பெருசு. மெஷினையெல்லாம் பஞ்சு தட்டித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, வாழைக்கன்னு கட்டி, சாயங்காலம் பூஜை நடக்கும். சூடம் காட்டி முடிச்ச உடனே எலெக்ட்ரீஷியன் போய் மெயின் சுவிட்சை இறக்கிடுவார். அதுலருந்து மறுநாள் நல்ல நேரம் வரைக்கும் எந்த மெஷினும் ஓடக்கூடாது. வருஷம் பூரா உழைச்சதுக்கு அதுங்களுக்கும் ஒரு ராத்திரி ஓய்வு. கம்ப்யூட்டருக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை. திரைக்கு மேல பொட்டு வச்சு ஒரு முழம் மல்லியும் சாத்திட்டு, நான் பொரி கடலைப் பொட்டலத்தோட பஸ் ஏறிட்டேன். கண்ணாடி ரூமுக்குத் தனி லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மறுநாள் விடியவுமே வந்துட்டேன். கண்ணாடி ரூம் கதவைத் திறந்ததும் வாசல்லயே நின்னுட்டேன். எப்பவும் ஊஊன்னு ஒரு சத்தம் இருக்கும், அது இல்ல. ஏசி இல்ல, விளக்கு இல்ல. பேட்டரி வச்ச யு.பி.எஸ்ஸும் கத்திக் கத்தி எப்பவோ செத்துப் போயிருக்கு. நாதஸ்வரச் சத்தத்துல யாருக்குக் கேட்டிருக்கும்?

எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியைத் தேடி ஓடினேன். செட்டியார்பட்டியிலருந்து சைக்கிள்ல வர்றவர், மில்லு ஆரம்பிச்ச காலத்து ஆள். மனுஷன் குளிச்சு நெத்தி நிறைய விபூதியோட மெயின் போர்டு பக்கத்துல உக்காந்திருந்தார். கம்ப்யூட்டர் ரூமையும் நிறுத்தினீங்களா அண்ணாச்சின்னு கேட்டதுக்குச் சந்தோஷமா தலையாட்டினார்.

"பின்ன, அம்புட்டு மெஷினும் தூங்கையில அது மட்டும் முழிச்சுக்கிட்டு கெடக்கணுமாக்கும்?" அப்படின்னார்.

அவர் மேல என்ன தப்பு? காலங்காலமா செய்ததைச் செய்தார். ஆனா யூனிக்ஸை அப்படிப் பொட்டுன்னு நிறுத்தக்கூடாது. நிறுத்தப் போறேன்னு முதல்ல அதுகிட்ட சொல்லணும். அது கையில வச்சிருக்கிற வேலையையெல்லாம் டிஸ்க்குல எழுதி முடிச்சுட்டு, இப்போ நிறுத்திக்கோன்னு சொல்லும். சொல்லாம நிறுத்தினா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவன் இலையைப் பாதியில உருவின மாதிரி. பூஜை அவசரத்துல ஆபீஸ்ல ரெண்டு திரையில வேலையைப் பாதியில விட்டுட்டு வேற எந்திரிச்சுப் போயிருந்தாங்க.

கண்ணாடி ரூமுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கச் சொல்லி, பெட்டியை ஆன் பண்ணினேன். மெனு வரல. கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தா இங்கிலீஷ் ஓடுச்சு. ஒழுங்கா நிறுத்தலைன்னு ஒரு வரி, சோதிக்கவான்னு ஒரு கேள்வி. அதைப் படிச்சுக்கிட்டு நிக்கையிலதான் சின்ன மொதலாளி பட்டு வேட்டியோட உள்ள வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் நிறுத்தினதுன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அண்ணாச்சி, நான்தான் மொதலாளின்னு முன்னாடி வந்து நின்னார்.

சின்ன மொதலாளி கத்தல. கத்தியிருந்தாக்கூடத் தேவலை. முகம் வெளுத்துப் போய் மெதுவா சொன்னார். "அப்பாவைக் கூட்டிட்டு வாரேன். நாங்க வரும்போது இது ஓடணும். ஓடலைன்னா நாளையிலருந்து நீரு இந்தக் கேட்டுக்குள்ள வரவேண்டாம்."

சொல்லிட்டுக் கார்ல ஏறிப் போயிட்டார். அண்ணாச்சி அப்படியே சுவத்தோட சாஞ்சுட்டார். பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க இருக்கிற வீடு. அந்த வயசுல வேற மில்லுல யார் சேர்த்துப்பா? அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுதான் என்னைக் கொன்னுச்சு. கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை, சரி பண்ணிரும்னு நம்பின பார்வை அது. நான் படிச்ச லட்சணம் எனக்குத்தானே தெரியும்!

நாற்காலியில உக்காந்தேன். சோதிக்கவான்னு கேட்டுச்சு, ஒய். அடுத்து என்னமோ கேட்டுச்சு, அதுக்கும் ஒய். விரல் பாட்டுக்குத் தட்டிக்கிட்டே போகுது. அப்புறம் ஒரு நீளமான வரி வந்துச்சு. பேர் இல்லாத ஒரு ஃபைல் கிடக்கு, அதோட அளவு இவ்வளவு, கடைசியா எழுதினது நேத்து சாயங்காலம். கடைசியில 'ரீகனெக்ட்?'னு ஒரு கேள்வி. இது டாஸ்ல கேட்காத கேள்வி. எதை எதோட இணைக்கச் சொல்லுது, இணைச்சா ஏதாவது வெடிச்சிருமான்னு பயம். அதுவரைக்கும் ஒய் தட்டின கை பயத்துல 'என்'ங்கிற எழுத்தைத் தட்டிருச்சு. வேண்டாம்னு அர்த்தம்.

உடனே அடுத்த கேள்வி வந்துச்சு. 'கிளியர்?'

ஒய்யும் சரியில்ல, 'என்'னும் சரியில்லைன்னா மனுஷி என்னதான் பண்ணுவா? பழக்க தோஷத்துல என் விரல் ஒய் மேல போய் உக்காந்துடுச்சு. பின்னாடியிருந்து அண்ணாச்சி, என்ன தாயி கேக்குதுன்னார்.

"அழிச்சிரவான்னு கேக்குது அண்ணாச்சி."

"அழிக்கச் சொல்லாத தாயி," அப்படின்னார். குரலே இல்ல, காத்துதான் வந்துச்சு.

கையை வெடுக்குன்னு எடுத்துட்டேன். அவருக்கு கம்ப்யூட்டரும் தெரியாது, யூனிக்ஸும் தெரியாது. அவர் பயத்துல சொன்னார், நான் பயத்துல கேட்டேன். அம்புட்டுதான். ஆனா கை எடுத்த பிறகுதான் அந்த வரியை முழுசா படிச்சேன். நேத்து சாயங்காலம் எழுதின ஃபைல், அளவும் பெருசு. அது மில்லோட பார்ட்டி ஃபைலா இருந்தா? பம்பாய்லருந்து ஈரோடு வரைக்கும் நூல் வாங்குற அத்தனை பார்ட்டிங்க பேரும் விலாசமும் அதுலதான் இருக்கு. அது போச்சுன்னா முதல் பில்லும் இல்ல, அடுத்த பில்லும் இல்ல.

பெட்டியோட முதுகுல, வித்த கம்பெனியோட மதுரை நம்பர் ஒட்டியிருந்துச்சு. லீவு நாள், யார் எடுக்கப் போறான்னு நெனச்சுக்கிட்டே மேனேஜர் ரூமுக்கு ஓடிப் போய் போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. வச்சிரலாம்னு நெனைக்கையில ஒரு ஆண் குரல், இன்னைக்கு லீவும்மா, பூஜை போட்ட இடத்துல விளக்கை அமர்த்திட்டுப் போக வந்தேன்னு சொல்லுச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டினேன். மெயின் இறக்கினது, ஒய் அடிச்சது, 'என்' அடிச்சது, பெரியவர் வர்றது, அண்ணாச்சி வேலை, எல்லாம். அவர் போனைப் பொத்திக்கிட்டு யார்கிட்டயோ என்னமோ சொன்னார். அப்புறம், சரி, எதையும் தொடாதீங்க, நான் சொல்றதை மட்டும் செய்யுங்கன்னார்.

செய்யலாம், எப்படிச் செய்யறது? போன் மேனேஜர் ரூம்ல, பெட்டி நடைபாதைக்கு அந்தப் பக்கம். போன் ஒயர் வாசப்படி வரைக்கும்தான் வருது. நான் அங்கயும் இங்கயும் ஓடினா அதுலயே நல்ல நேரம் முடிஞ்சிரும். அண்ணாச்சி ரிசீவரை வாங்கிக்கிட்டு வாசப்படியில நின்னுக்கிட்டார். மதுரைக்காரர் சொல்றதை அவர் கத்திச் சொல்லணும், நான் அடிக்கணும், திரையில வர்றதை நான் கத்திப் படிக்கணும், அவர் போன்ல சொல்லணும். மோட்டார் தகட்டுல இருக்கிற இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அவருக்குப் பழக்கம். அதனால எழுத்து எழுத்தா சொன்னா பிடிச்சுக்கிட்டார்.

"சார் சொல்லுதாக, அழிக்கவான்னு கேட்டதுக்கு வேண்டாம்னு போடணுமாம். பொறவு முதல்லருந்து சோதிக்கணுமாம். பதறக் கூடாதாம்."

பதறாம இருக்கிறதா! சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பயமா இருந்துச்சு. மறுபடியும் சோதனை ஓடுச்சு. ஒவ்வொரு படியும் முடியறதுக்கு ஒரு யுகம். மறுபடி அதே ஃபைல், அதே 'ரீகனெக்ட்?' இந்தத் தடவை அண்ணாச்சி வழியா பதில் வந்துச்சு, இதுக்கு ஒய். அடிச்சேன். ஒண்ணும் வெடிக்கல. இன்னும் ஒரு சின்ன ஃபைலுக்கும் அதே கேள்வி வந்துச்சு, அதுக்கும் ஒய். சோதனை முடிஞ்சுது. வீடு தீப்பிடிச்சா மட்டும் தொடச் சொன்ன பாஸ்வேர்டை அடிச்சேன். மெனு இல்லாத வெறும் திரையில ஒரே ஒரு குறி மட்டும் நின்னு சிமிட்டுச்சு. நான் பில் போட்டுக்கிட்டு இருந்த மெனுவுக்கு அடியில இருந்த தரை அதுதான்.

டாஸ்ல நீ எந்த டைரக்டரியில, அதாவது ஃபைல் வைக்கிற எந்த அறையில இருக்கேன்னு வரி ஆரம்பத்துலயே போட்டிருக்கும். இங்க அது இல்ல. முழிச்சேன். முதல்ல நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அதுகிட்டயே கேளுங்க, தெரியாம ஒரு அடி எடுத்து வைக்காதீங்கன்னு மதுரைக்காரர் சொன்னாராம். அண்ணாச்சி ஒவ்வொரு எழுத்தா, "பி... டபிள்யூ... டி..."ன்னு சொன்னார். அடிச்சேன். திரை இருக்கிற இடத்தைச் சொல்லுச்சு. அடுத்தது எல், எஸ். அங்க என்னென்ன இருக்குன்னு வரிசையா காட்டுச்சு. சி, டி போட்டு பில் ஃபைலெல்லாம் இருக்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பில் இருக்கு, ஸ்டாக் இருக்கு, பார்ட்டி ஃபைல் இல்ல.

இல்லைன்னு கத்தினேன். அண்ணாச்சி அதை போன்ல சொல்லவே இல்ல. ரிசீவரைக் காதுல வச்சபடி என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். உதடு காய்ஞ்சு போச்சு அவருக்கு. நான் எந்திரிச்சுப் போய் ரிசீவரைப் பிடுங்கி, சார் ஃபைலைக் காணோம்னு சொன்னேன். அவர் ரொம்ப நிதானமா பேசினார்.

"அது தொலையலம்மா. அதோட பேருதான் தொலைஞ்சிருக்கு. நீங்க ஒய் போட்டு மீட்டீங்கள்ல, அது லாஸ்ட் அண்ட் ஃபவுண்டுன்னு ஒரு டைரக்டரியில போய் உக்காந்திருக்கும். பேரு இருக்காது, நம்பர்தான் இருக்கும். உள்ள பார்த்து நீங்கதான் அடையாளம் சொல்லணும்."

எனக்குச் சட்டுன்னு பிடிபட்டுப் போச்சு. எங்க ஊர்ல ஆடிப்பூரத் தேர் அன்னைக்கு, கூட்டத்துல கை நழுவின பிள்ளைகளையெல்லாம் ஒரு பந்தல்ல உக்கார வச்சு மைக்குல சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பேர் சொல்லத் தெரியாத பிள்ளை, சிவப்புச் சட்டை போட்டிருக்குன்னு. பெத்தவ வந்து முகத்தைப் பார்த்துத்தான் கூட்டிட்டுப் போகணும். அந்தப் பந்தலுக்குத்தான் இப்போ போகணும்.

ரிசீவரை அண்ணாச்சிகிட்ட கொடுத்துட்டு ஓடினேன். அந்த டைரக்டரிக்குள்ள ரெண்டே ரெண்டு ஃபைல், ரெண்டுக்கும் வெறும் நம்பர். பெரிசா இருந்ததை மோர்னு ஒரு கட்டளை போட்டுத் திறந்தேன். திரை பூரா என்னென்னமோ கிறுக்கல், கீச் கீச்னு பெட்டி கத்துது. கெடுத்துட்டேன்னே நெனச்சுட்டேன். கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தா, கிறுக்கலுக்கு நடுவுல ஒரு பேரு. நான் வாரா வாரம் பில் போடுற பம்பாய்ப் பார்ட்டி. அதுக்குக் கீழ ஈரோட்டுப் பார்ட்டி. பார்த்துப் பார்த்து அலுத்துப் போன விலாசமெல்லாம் அப்படியே இருக்கு.

"இருக்கு அண்ணாச்சி, இருக்கு!"ன்னு கத்தினேன்.

அவர் போன்ல என்ன சொன்னார்னு தெரியல. அடுத்து வந்த உத்தரவு, அதை அங்கருந்து நகர்த்தாதே, நகல் எடுத்து வை, அசல் அங்கயே கிடக்கட்டும். சி, பி. ஃபைல் நம்பரையும் போய்ச் சேர வேண்டிய இடத்தையும் அடிச்சேன். என்டரைத் தட்டுறதுக்கு முன்னாடி அடிச்சதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படிச்சேன், அண்ணாச்சி அப்படியே ஒப்பிச்சார், சரின்னு பதில் வந்த பிறகுதான் தட்டினேன். பதிலா திரை ஒண்ணுமே சொல்லல. யூனிக்ஸ்ல ஒண்ணும் சொல்லலைன்னா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தமாம். அன்னைக்கு அந்த மௌனத்தை நம்புறதுக்கு எனக்கு எம்புட்டுக் கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?

பெட்டி முழுசா எழும்பி மெனு வந்துச்சு. அந்த மெனுவை அவ்வளவு ஆசையா நான் பார்த்ததே இல்ல. ஒண்ணு அடிச்சேன். பார்ட்டி ஃபைலைத் திறக்க அனுமதி இல்லைன்னு வந்து நின்னுடுச்சு. அதே நேரம் கேட்டுப் பக்கம் கார் ஹாரன்.

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிற சத்தம் கேக்குது. அண்ணாச்சி ரிசீவரைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு, அனுமதி இல்லையாம் சார், அனுமதி இல்லையாம்னு திரும்பத் திரும்பச் சொல்றார். நகல் எடுத்தது ரூட், அதனால அந்த ஃபைல் இப்போ ரூட்டோடது, என்னை மாதிரி சாதாரண ஆள் தொட முடியாது. மறுபடி ரூட்டா உள்ள போய் எல்லாரும் தொடலாம்னு அனுமதி கொடுக்கணும். அதுக்கு ஒரு கட்டளை, சி, ஹெச், எம், ஓ, டி, அதுக்கப்புறம் எண்.

"ஆறு ஆறு ஆறு!" அண்ணாச்சி கத்தினது வாசல்ல இறங்கின பெரிய மொதலாளி காதுலயே விழுந்திருக்கும். அடிச்சேன். பாஸ்வேர்டு ஒரு தடவை தப்பாப் போய் ரெண்டாவது தடவைதான் உள்ளயே போக முடிஞ்சுது. வெளிய வந்து என் பேரை அடிச்சு, மெனு வந்து, ஒண்ணு அடிச்சதும் பார்ட்டி பேரெல்லாம் வரிசையா இறங்குச்சு.

பெரியவர் குடும்பத்தோட உள்ள வந்தப்போ நான் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு நின்னேன். சின்ன மொதலாளி திரையைப் பார்த்தார், ஒரு பெரிய மூச்சு விட்டார். பிரிண்டர் கிர்ர்னு சத்தம் போட்டு முதல் பில்லை அடிச்சுத் தள்ளுச்சு. பெரியவர் அதைக் கிழிச்சு, கண்ணாடியைத் தூக்கி மேலயும் கீழயும் பார்த்துட்டு, பரவாயில்லையே, எழுத்து நல்லா இருக்கேன்னார். அவ்வளவுதான் அவர் வாயிலருந்து வந்த பாராட்டு. நல்ல நேரத்துல அண்ணாச்சி மெயின் சுவிட்சைத் தூக்கி விட்டார், மில்லு பூரா சத்தம் எழுந்துச்சு.

சின்ன மொதலாளி அண்ணாச்சிகிட்ட மன்னிப்பெல்லாம் கேட்கல. சுண்டல் தட்டை நீட்டி, சாப்பிட்டீரான்னு கேட்டார். அண்ணாச்சிக்கு அது போதும்போல, ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டார். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. காலையில வேலையைப் பறிக்கிறேன்னு சொன்ன வாய், இப்போ ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போகும்?

அதெல்லாம் முடிஞ்சு, வேர்வை காய உக்காந்திருக்கையிலதான் அண்ணாச்சி மெதுவா ஒண்ணு சொன்னார். போன்ல அந்த சார் பேசிக்கிட்டு இருக்கையில பின்னாடி ஒரு பொம்பளைக் குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம், நேரமாகுது, நேரமாகுதுன்னு. நடுவுல ஒரு பிள்ளையோட அழுகையும் கேட்டிருக்கு, குடும்பத்தோட போற வழியில ஆபீஸ்ல இறங்கியிருக்கார்போல. ஃபைல் கிடைச்சுருச்சுன்னு நான் கத்தினப்போ, இவர் மனசு தாங்காம, சார் உங்களுக்கு ஏதும் சோலி இருக்கான்னு கேட்டிருக்கார்.

"அவிய மகளுக்கு இன்னைக்கு நெல்லுல எழுத்து ஆரம்பிக்கணுமாம் தாயி. அவியளுக்குக் குறிச்ச நல்ல நேரம் தாண்டிப் போச்சாம். அது கெடக்கட்டும், அடுத்து சி, பி போடச் சொல்லுங்கன்னுட்டாக."

விஜயதசமி அன்னைக்குப் பிள்ளையை மடியில வச்சு, அதோட விரலைப் பிடிச்சு நெல்லுல முதல் எழுத்தை எழுத வைக்கிறதுன்னா ஒரு தகப்பனுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! யாருன்னே தெரியாத ஒரு பொண்ணுக்கும், முகமே பார்க்காத ஒரு எலெக்ட்ரீஷியனுக்கும் அந்த நேரத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கார். நான் ஒரு நன்றிகூடச் சொல்லல. மெனு வந்த சந்தோஷத்துல போனை யார் வச்சதுன்னுகூட எனக்குத் தெரியாது.

ரெண்டு நாள் கழிச்சு அந்த நம்பருக்குப் போட்டேன். வெளிய போயிருக்கார்னாங்க. விடாம மறுபடி மறுபடி போட்டதுல ஒரு நாள் கிடைச்சார். உங்க பிள்ளைக்கு நல்ல நேரம் தவறிப் போக நான் காரணமாயிட்டேன் சார்னு சொன்னேன். அவர் சிரிச்சார்.

"சாயங்காலம் எழுதிட்டாம்மா. எழுத்து எங்க ஓடிப் போகப் போகுது? அந்த அண்ணன் வேலை இருக்குல்ல?"

அதைத்தான் அவர் கேட்டார். ஃபைலைப் பத்தி அவர் கேட்கவே இல்ல.

அதுக்கப்புறம் சிஸ்டம்ஸ் ஆபீசர்கிட்ட சண்டை போட்டு, மெனுவுக்கு அடியில இருக்கிறதையெல்லாம் ஒழுங்காக் கத்துக்கிட்டேன். எல்லாத்துக்கும் முன்னாடி, பெட்டியை எப்படிச் சொல்லி நிறுத்தறதுன்னு கேட்டு வச்சுக்கிட்டேன். அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி சூடத் தட்டு பக்கத்துலருந்து நேரா கண்ணாடி ரூமுக்கு வந்து, நிறுத்தலாமா தாயின்னு கேட்டுட்டு, நான் தலையாட்டின பிறகுதான் மெயினைத் தொட்டார். அவர் ரிட்டயர் ஆகிறவரைக்கும் அப்படித்தான்.

நான் அப்புறம் சென்னை, பெங்களூருன்னு போய் இதே வேலையில தலை நரைச்சாச்சு. அந்த மதுரைக்காரர் முகத்தை நான் பார்த்ததே இல்ல. அவர் மகளுக்கு இப்போ கல்யாணமாகிப் பிள்ளைகூட இருக்கலாம். எந்தத் திரையாவது அழிக்கவான்னு என்னைக் கேட்டா, இன்னைக்கும் என் கை உடனே போறதில்ல. அந்த ஃபைலை நம்பி அந்தப் பக்கம் எந்த வாசப்படியில யார் உதடு காய நிக்கிறாங்களோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் பதில் சொல்றேன்.